பேரில்லாத நாற்பத்தொன்பது ஜிபி

கொரட்டூர் ஆரோக்கியசாமிக்கு கம்ப்யூட்டரைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. நிலத்தைப் பற்றி நன்றாகத் தெரியும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் வினையாகப் போயிற்று.

மாங்காட்டில் அவருடைய அப்பா விட்டுப்போன ஒன்றரை கிரவுண்டு நிலத்தை அண்ணனும் தம்பியுமாகப் பிரித்துக்கொள்ள ஒன்பது வருஷம் ஆனது. அந்த ஒன்பது வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட வார்த்தைகள் கொஞ்சநஞ்சமா? பட்டா, எல்லைக்கல், பொதுவழி, ஆக்கிரமிப்பு, புறம்போக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறை சூப்பர்வைசராக இருக்கிற மனுஷர் வக்கீல் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் மனைவி சாராள் பால் பாக்கெட்டை வைத்தால்கூட, "இது ஆக்கிரமிப்பு சாராளு" என்பார். அவளும், "ஆமா, கேஸு போடுங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயேதான் வைப்பாள்.

இப்பேர்ப்பட்டவரிடம் மகள் ரெனிதா ஒருநாள் காலையில் வந்து, "டாடி, லேப்டாப்பை ரெண்டாப் பிரிக்கணும்" என்றால் எப்படி இருக்கும்? மனுஷர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த லேப்டாப் யாருடையது என்பதே ஒரு தனி வழக்கு. வாங்கியது என்னவோ ரெனிதாவின் காலேஜுக்குத்தான். அவள் படிப்பு முடிந்ததும் அது மெல்ல மெல்ல கூடத்துக்கு வந்தது. கூடத்திலிருந்து ஆரோக்கியசாமியின் மடிக்கு வந்தது. இரண்டு வருஷமாக அங்கேயே குடியிருந்தது. இப்போது அவள் வேலைக்காக டேட்டா படிப்பு ஒன்றில் சேர்ந்திருந்தாள்; அந்தப் படிப்புக்கு விண்டோஸ் போதாது, லினக்ஸ் என்று வேறொன்று வேண்டுமாம்.

"விண்டோஸ் ஒரு பக்கம் இருக்கட்டும் டாடி, லினக்ஸ் ஒரு பக்கம். ஆன் பண்ணும்போது எது வேணும்னு அதுவே கேக்கும். நீ உன்னோடதுக்குள்ள போ, நான் என்னோடதுக்குள்ள போறேன். ஒருத்தர் விஷயத்துல ஒருத்தர் வரவேணாம்."

"மொத்தம் எவ்ளோ கீது?"

"நூத்தி இருபத்தெட்டு ஜிபி. ஆனா நூத்திப் பத்தொம்பதுதான் காட்டும்."

"மிச்சம் ஒம்போது?"

"அது கம்பெனிக்காரன் எண்ணுற விதம் வேற, இது எண்ணுற விதம் வேற டாடி."

"எனக்கேவா? மாங்காட்ல சர்வேயரும் இதேதான் சொன்னான். கடசீல பாத்தா மூணடி பக்கத்து ஊட்டுக்காரன் செவுத்துக்குள்ள கீது."

ரெனிதா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ஒன்பதாவது ஜிபி வரை அவருக்குக் கணக்குச் சொல்லி முடிப்பதற்குள் அவள் பஸ் போய்விட்டது.

பிரிப்பதற்கு முதலில் இடம் வேண்டுமே. பெட்டியோ பிதுங்கிக் கொண்டிருந்தது. விண்டோஸ் தன் பங்குக்கு நாற்பதை விழுங்கியிருந்தது. மீதியில் பெரும்பகுதி ஆரோக்கியசாமியின் சொத்து. ரோஜாப்பூவும் வேதவசனமும் சேர்ந்த காலை வணக்கப் படங்கள் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம். முட்டிவலிக்கு உடற்பயிற்சி வீடியோக்கள், அதில் ஒன்றையும் அவர் செய்து பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மாதா கோயில் தேர்பவனி. ஆறு வருஷத்துத் தேர்பவனியை அவரே கைக்கடக்கமான கேமராவில் பிடித்தது. முப்பத்தொரு ஜிபி. அந்தக் கேமராவும் அதன் கார்டும் எப்போதோ செத்துப் போயின. இருந்தது இந்த ஒரே பிரதிதான்.

"எதையாவது அழிச்சாதான் டாடி இடம் வரும். இந்தக் காலை வணக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கலாமா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் ஆரோக்கியசாமிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. எழுந்து நின்றார்.

"அழி! எல்லாத்தையும் அழி! காலை வணக்கம் இன்னா, தேர்பவனியையும் சேத்து அழிச்சுடு! இந்த ஊட்ல எனக்குன்னு இன்னா கீது? ஒரு மூலைல ஒரு பொட்டி வெச்சிருந்தேன், அதுவும் உனுக்கு உறுத்துது!"

கோபத்தில் சொல்கிற பேச்சுக்கு ஒரு முறை இருக்கிறது. எதிரில் இருப்பவர் "ஐயையோ, வேணாம்" என்று பதற வேண்டும். அப்போது இவர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, பிறகு இறங்கி வரலாம். ரெனிதா பதறவில்லை. அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி டாடி" என்றாள். இவர் விறுவிறுவென்று பால்கனிக்குப் போய், காய்ந்துகொண்டிருந்த லுங்கிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நின்றார். யாரும் கூப்பிட வரவில்லை.

அதோடு சரி. நாலு மாசம் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே "சாப்ட்டியா", "ம்", "கதவைச் சாத்திக்கோ" இவ்வளவுதான் பேச்சு.

அவள் பிரித்து முடித்த லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வரும். மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து விநாடிக்குள் கீழே இறங்கி அழுத்தாவிட்டால் அது பாட்டுக்கு மகள் வீட்டுக்குள் போய்விடும். பவர் பட்டனைத் தட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தேடினால் பத்து விநாடி எந்த மூலைக்கு? கண்ணாடியோடு வந்து பார்ப்பதற்குள் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கும். "அவ பேரு மேல, எம் பேரு கீழ. தாவா வந்தா இதுதான் முதல் சாட்சி" என்று முணுமுணுத்தபடி அணைத்துவிட்டு மறுபடி போடுவார். சாராள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கீரை ஆய்வாள். தேர்பவனி இருந்த இடத்தை அவர் ஒருநாள்கூடத் திறந்து பார்க்கவில்லை. இல்லாததைப் போய் என்னத்தைப் பார்ப்பது?

இப்படி இருக்கையில்தான் கோயிலில் வெள்ளிவிழா வந்தது. பங்குச்சாமியார் பூசை முடிந்ததும் வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆரோக்கியசாமி, நீங்க வருஷா வருஷம் தேர்பவனியைப் படம் பிடிப்பீங்களாமே? வேற யார்கிட்டயும் இல்லையாம். மூணு வாரம் இருக்கு. விழாவுல திரை கட்டிக் காட்டிடலாமா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுற்றி எட்டுப் பேர் நிற்கிறார்களே! "கீது ஃபாதர். ஆறு வருசமும் பத்திரமா கீது" என்று வாய் சொல்லிவிட்டது. அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்து அறிவிப்பே வந்தது, நம் பங்கைச் சேர்ந்த ஆரோக்கியசாமி அவர்கள் என்று. இருபத்தைந்து வருஷத்தில் அவர் பெயர் அந்த மைக்கில் ஒலித்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆரோக்கியசாமி குனிந்து ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார்.

"அவகிட்டயே கேளுங்களேன்" என்றாள் சாராள், வீட்டுக்கு வரும் வழியில்.

"அழிக்கச் சொன்னவன் நானு. இப்ப போயி இன்னான்னு கேக்குறது? அழிச்சிட்டியாம்மான்னா? ஆமான்னுவா. எம் மூஞ்ச எங்க வெச்சிக்கிறது?"

"இருக்கற எடத்துலயே வெச்சிக்குங்க. அங்கத்தான் யாரும் ஆக்கிரமிக்கல" என்றாள் அவள்.

அவர் மகளிடம் போகவில்லை. தேவராஜிடம் போனார். தேவராஜ் தெருமுனையில் சிசிடிவி கேமரா மாட்டுகிற கடை வைத்திருப்பவன். கம்ப்யூட்டர் என்றால் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்பவன்.

"அழிச்சா இன்னா மச்சான்? அழிச்சது எங்கியும் போவாது. தோண்டி எடுக்க ஒரு சாப்ட்வேர் கீது, அனுப்புறேன். ஒண்ணு மட்டும் பாத்துக்க. தோண்டுன எடத்துலயே கொட்டக்கூடாது. கொட்டுறதுக்கு வேற காலி எடம் வேணும்."

சனிக்கிழமை மதியம் ரெனிதா அம்பத்தூரில் வகுப்புக்குப் போயிருந்தாள். அங்கே அவர்களே கம்ப்யூட்டர் கொடுப்பார்கள். சாராள் ரேஷன் கடை வரிசையில். ஆரோக்கியசாமி கண்ணாடியை முன்கூட்டியே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தேவராஜ் போனில் வழி சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் திறந்தார். கடைசியில் வட்டு முழுக்கப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் ஒரு படம் வந்தது. சர்வே வரைபடம் போலவே இருந்தது. பார்த்ததும் அவருக்குத் தன் ஊருக்கு வந்துவிட்ட மாதிரி தைரியம் வந்தது.

"மொதல்ல குட்டியா ஒண்ணு, அத்த வுடு. அடுத்தது சி. எழுவது ஜிபி. அது என்னுது. அதுக்கப்பால நாப்பத்தொம்போது. அதுக்குப் பேரு இல்ல, எழுத்தும் இல்ல."

"காலி எவ்ளோன்னு போட்டுக்கீது?"

ஆரோக்கியசாமி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார். "நூறு சதவீதம் காலின்னு போட்டுக்கீதுடா!"

"மாமே, அப்பறம் இன்னா? பேரில்லாத காலி எடம்னா புறம்போக்குதான!"

அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்கக் கூடாது. ஆரோக்கியசாமிக்கு நெஞ்சு கொதித்தது. நாற்பத்தொன்பது ஜிபி! நாலு மாசமாக ஒரு துரும்பைக்கூட உள்ளே வைக்காமல் சும்மா வளைத்துப் போட்டிருக்கிறாள்! இதற்காகவா என் தேரை அழித்தாள்? வலப்பக்கம் தட்டினார், நீக்கு என்று வந்தது, நீக்கினார். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாகத்தான். புதிதாக எழுப்பவா என்று கேட்டது, எழுப்பச் சொன்னார். பெயர் வைக்கச் சொன்னபோது ஒரு கணம் யோசித்து, AROKIASAMY என்று ஒற்றை விரலால் தட்டினார். பட்டா வாங்கிய நிம்மதியில் பெருமூச்சு விட்டார்.

ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது. விண்டோஸுக்கு லினக்ஸ் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கத் தெரியாது. பார்க்கத் தெரியாத வீட்டைக் காலி என்று எழுதிவைத்துவிடும். அது பொய் சொல்வதில்லை, தெரிந்தது அவ்வளவுதான்.

தேவராஜ் அனுப்பிய சாப்ட்வேர் ஏறியதும் ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னது. போட்டார். இரண்டு பெயர் வரும் அந்தத் திரை வரவில்லை. கறுப்பாகவே நின்றது. மூலையில் இரண்டு வரி இங்கிலீஷ். அப்படியொரு பாகமே இல்லை என்றது முதல் வரி. இரண்டாம் வரியில் 'ரெஸ்கியூ' என்ற வார்த்தையும், பக்கத்தில் கண் சிமிட்டிக்கொண்டு ஒரு கோடும்.

"தேவராஜு, இது காப்பாத்துன்னு போட்டுக்கினு நிக்குதுடா!"

"யாரைக் காப்பாத்தணுமாம்?"

"அத்தச் சொல்லலியேடா!"

கடையில் ஆள் வந்திருக்கிறார்கள் என்று தேவராஜ் சொல்லி வைத்துவிட்டான். ஆரோக்கியசாமி எண்டரைத் தட்டினார். எஸ்கேப்பைத் தட்டினார். 'எஸ்' என்று தட்டிப் பார்த்தார். லேப்டாப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, முதுகில் இரண்டு தட்டு தட்டினார். மாதாவே, இது மட்டும் சரியாகட்டும், ஒரு கத்தை மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். கோடு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

நாலு மணிக்கு ரெனிதா வந்தபோது அவர் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு, திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் பையை இறக்கினாள். திரையைத் திருப்பினாள். பார்த்தாள்.

"இன்னா பண்ணே டாடி?"

நாலு மாசத்தில் இதுதான் அவள் கேட்ட நீளமான கேள்வி. அவர் எல்லாவற்றையும் சொன்னார், சாமியார் கேட்டதிலிருந்து புறம்போக்கு வரை. பெயர் வைத்ததை மட்டும் சொல்லவில்லை.

ரெனிதா ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆன் செய்தாள். விண்டோஸ் திறந்தது, காலை வணக்க ரோஜாவோடு. "உன்னோடது அப்படியே இருக்கு. வாசல்படி மட்டும் என் பக்கத்துல இருந்துச்சு. அதான் உள்ள போக முடியல."

அவருக்கு உயிர் வந்தது. வந்ததும் வாயும் வந்தது. "பின்ன? காலியா போட்டு வெச்சா எடுக்கத்தான் எடுப்பாங்க. நூறு சதவீதம் காலின்னு அதுவே சொல்லுது."

"அதுக்கு என் பக்கம் கண்ணு தெரியாது டாடி."

ஆரோக்கியசாமியின் குரல் தணிந்தது. "அப்ப உள்ள இருந்துச்சா? உம் படிப்பாம்மா? போயிடுச்சா?"

"என் படிப்பெல்லாம் நெட்டுல ஏத்தி வெச்சிருக்கேன். அது போகாது."

"அப்பாடா. அப்பறம் இன்னா? நான் பயந்தே பூட்டேன்."

"உள்ள இருந்தது உன் தேர்பவனி."

அவருக்கு முதலில் புரியவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு நீ அழின்னு கத்தினல்ல. எனக்கு மனசு வரல. என் ஃபிரண்டு வர்ஷாகிட்ட ஹார்டு டிஸ்க் ஒரு நாளைக்கு வாங்கி அதுல எடுத்து வெச்சிட்டு, பிரிச்சதும் என் பக்கத்துல போட்டேன். உன் பக்கம் உனக்குத் தாராளமா இருக்கட்டும்னு. டிஸ்க்கைத் துடைச்சுத் திருப்பிக் குடுத்துட்டேன். அந்த நாப்பத்தொம்பதுல என்னோடது பதினெட்டுதான். மிச்சம் முப்பத்தொண்ணும் உன்னோடது."

ஆரோக்கியசாமி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் இடத்தை அபகரித்ததாக நினைத்துத் தன் வீட்டையே இடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. இரண்டையும் மறைக்க இருமினார்.

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா 'உன்னை யாரு கேட்டா'ன்னு அதையும் அழிக்கச் சொல்லியிருப்பே. நீயா வந்து, 'ரெனி, அது இருக்காம்மா'ன்னு கேப்பேன்னு பாத்தேன். நாலு மாசமா பாத்தேன் டாடி."

ஆரோக்கியசாமி கண்ணாடியைக் கழற்றி லுங்கி நுனியில் துடைத்தார்.

"சரி வுடு. மேலோட்டமாத்தான் அழிச்சிருக்கே, மேல எதையும் கொட்டல. முக்காவாசி கிடைக்கும். ஆனா இனிமே அதைத் தொடாதே" என்று எழுந்தாள். ஐயப்பன்தாங்கலில் இருந்த வர்ஷா வீட்டுக்குப் போய் அதே ஹார்டு டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வந்தாள். மறுநாள் பூசை முடிந்த கையோடு ஒரு பென் டிரைவைச் செருகி என்னவோ ஓட்டினாள். ஆரோக்கியசாமி பக்கத்தில் நாற்காலி போட்டு, கையிரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தவறியும் எதையும் தொட்டுவிடக் கூடாதே.

மதியச் சாப்பாட்டுக்கு முன் கோப்புகள் ஒவ்வொன்றாக மேலே வர ஆரம்பித்தன. பெயர் எல்லாம் போயிருந்தது, வெறும் எண்கள். எந்த வருஷம் எது என்று ஓட்டிப் பார்த்துத்தான் அவர் சொல்ல வேண்டும்.

முதலாவதை ஓட்டினாள். பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. கூட்டம். கூட்டத்துக்கு நடுவே இரட்டைச் சடை போட்ட பன்னிரண்டு வயசுப் பெண் ஒன்று மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நடந்தது. மெழுகு கையில் சொட்டியதும் முகத்தைச் சுளித்து, நக்கிப் பார்க்கலாமா என்று யோசித்தது. கேமரா அதன் கூடவே நடந்தது. தெரு திரும்பியது, பெண்ணும் திரும்பியது, கேமராவும் திரும்பியது.

"இது நான்" என்றாள் ரெனிதா.

"நீதான். மொத வருசம்."

அடுத்தது. அதே பெண் தேவதூதராக, சம்மனசு வேஷத்தில். ஒரு இறக்கை கழன்று தொங்க, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஜெபம் சொல்லிற்று. அதற்கடுத்ததில் பஞ்சு மிட்டாயை மூக்கில் அப்பிக்கொண்டிருந்தது. நாலாவதில் வளர்ந்துவிட்டிருந்தது, கேமராவைப் பார்த்ததும் ஜெபப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, "டாடி, போதும், எல்லாரும் பாக்கறாங்க" என்றது. ஐந்தாவது பாழாகிப் போயிருந்தது. ஆறாவதில் தோழிகளோடு தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. நூறு தலைகளுக்கு மேலாகக் கேமரா எக்கி எக்கி அதையே தேடியது.

ரெனிதா ஓட்டுவதை நிறுத்தினாள். "டாடி, தேர் எங்க?"

ஆரோக்கியசாமிக்கும் அதுதான் கேள்வி. அவர் இத்தனை வருஷத்தில் இதை ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. பத்திரமாக வைத்திருந்தார், அவ்வளவே. தேரைத்தான் பிடித்தோம் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தவர் அவர்.

"பின்னால வந்துகினே இருந்திருக்கும்" என்றார் ஈனஸ்வரத்தில்.

கரண்டியோடு வந்து நின்ற சாராள் திரையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "நல்லாருக்குது போங்க. ஆறு வருசம் மாதாவுக்கு முதுவக் காட்டிக்கினு நின்னிருக்கீங்க. ஃபாதருக்கு இன்னா பதில் சொல்லப் போறீங்க?"

ரெனிதா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து மேசையில் கவிழ்ந்துவிட்டாள். நிமிர்ந்தபோது கண் இரண்டும் ஈரமாக இருந்தது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, ஐந்து கோப்பையும் மறுபடி முதலிலிருந்து ஓட்டி, ஓரத்தில் எங்கெங்கே தேர் எட்டிப் பார்க்கிறது என்று குறித்தாள்.

"எல்லாம் சேத்தா ஒரு நிமிஷம் அம்பது செகண்ட் தேறும் டாடி. பாட்டு போட்டு மெதுவா ஓட்டினா மூணு நிமிஷம் காட்டலாம். கோயிலுக்கு அது போதும்."

"மிச்சம்?"

அவள் திரும்பவில்லை. நாலாவது கோப்பில், புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிச்சம் என் பக்கத்துல இருக்கட்டும்."